சென்ற ஆண்டு தாங்கிய பீச் இந்த ஆண்டு ஏன் தாங்கவில்லை?

கேள்வி: சென்னையில் பழ மொத்த வியாபாரம் செய்கிறேன். இமாச்சலப் பிரதேசத்திலிருந்து வரும் பீச் பழங்களை, மாதுளை வைத்திருக்கும் குளிர் அறையிலேயே 5 டிகிரியில் வைக்கிறேன். சென்ற ஆண்டு 18 நாள் வரை நன்றாக இருந்தன. இந்த ஆண்டு 12ஆம் நாள் எடுத்த பெட்டிகளில், வெளியே வைத்த இரண்டே நாளில் சதை பஞ்சாகிவிட்டது. அறையில் கோளாறு ஏதும் இல்லை. பிறகு என்ன காரணம்?

பதில்: அறையில் கோளாறு இல்லாமல் இருக்கலாம், ஆனால் மாதுளைக்கு ஏற்ற அந்த 5 டிகிரிதான் பீச்சுக்கு ஆகாதது. ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் பீச், 0 டிகிரியில் வைப்பதைவிட விரைவில் கெடுகிறது. சதையைப் பிணைத்திருக்கும் பெக்டினை முறையாகச் சிதைக்க வேண்டிய நொதிகளின் சமநிலை இந்தக் குளிரில் குலைந்துவிடுவதால், அரைகுறையாகச் சிதைந்த பெக்டின் கூழாகி, பழத்தின் சாற்றைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் நறுக்கிப் பிழிந்தால் விரலில் ஈரம் படுகிறதே தவிர, ஒரு சொட்டுச் சாறும் வடிவதில்லை. சில பழங்களில் கொட்டையைச் சுற்றிப் பழுப்பும் படரும். குளிரில் இருக்கும்வரை இவை பெரும்பாலும் வெளியே தெரியாமல், பழம் கனியும்போதுதான் தெரியவரும்.

இனி ஆண்டுக்கு ஆண்டு வரும் வேறுபாடு. பழத்தின் தாங்கும் திறன் பெருமளவு தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒரே மரத்தில்கூட, வெயில் படும் வெளிக்கிளைப் பழங்களைவிட உள்ளே நிழலில் காய்த்தவை விரைவில் பஞ்சாகும். முதிராமல் பறித்த காய்களும் அப்படியே. ஜூலை எல்பர்ட்டா போன்ற வகைகள் பறிப்புக்கு வரும் நேரத்தில்தான் அங்கே பருவமழையும் தொடங்குகிறது. வானம் மூடிய வாரங்களும், மழைக்கு அஞ்சி அவசரமாகப் பறித்ததும் சேர்ந்தால் அந்த ஆண்டுச் சரக்கு பலவீனமாக இருக்கும். உங்களுக்கு வந்தது அத்தகைய சரக்காக இருக்கக்கூடும். ஆகவே சென்ற ஆண்டின் 18 நாளை இந்த ஆண்டுக்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

பீச்சை ஆப்பிள் வைக்கும் அறைக்கு மாற்றி, 0 டிகிரியை ஒட்டி, 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். உறைநிலை -1 டிகிரியை ஒட்டியே தொடங்குவதாலும், இனிப்புக் குறைந்த பழம் இன்னும் முன்பே உறைந்துவிடும் என்பதாலும், வெப்பமானியைப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். சரக்கு குளிரூட்டாத லாரியில் கெட்டியாக வந்தால், 20 டிகிரியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைத்து, சற்று இளகத் தொடங்கியதும் விரைவாகக் குளிர்வித்தால் பஞ்சாவது தள்ளிப்போகும்; கலிபோர்னியாவில் இம்முறை வழக்கில் உள்ளது. சென்னை வெயிலில் திறந்த கிடங்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு லோடிலும் பத்துப் பழங்களை ஏழாம் நாள் வெளியே எடுத்து, ஏசி போட்ட சாதாரண அறையில் கனியவிட்டு, நறுக்கிப் பிழியுங்கள். இரண்டு மூன்றில் சாறு வராவிட்டாலும் அந்த லோடு முழுவதையும் உடனே விற்றுவிடுங்கள். பஞ்சான சதை மீண்டும் சாறு கொள்ளாது.