கவாத்து

அன்புள்ள ஐயா,

மூளை வளர்ச்சியையும் மூப்பையும் சேர்த்து ஆராயும் ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் படித்தேன். வளர்வதும் மூப்பதும் எதிரெதிர் அல்லவா? முப்பது வயதுக்கு மேல் தினமும் ஆயிரக்கணக்கில் மூளை செல்கள் சாகின்றன என்கிறார்களே, புதிதாக உருவாகவே செய்யாதா? என் அம்மாவுக்கு 74 வயது. பெயர்களை மறக்கிறார். தினமும் காலையில் தேதி, கிழமை, பேரப்பிள்ளைகள் பெயர் கேட்டு நோட்டில் மதிப்பெண் போட்டு வைக்கிறேன். குறைந்துகொண்டே வருகிறது.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த நோட்டை மூடுங்கள். பெற்ற தாய்க்குத் தினமும் பரீட்சை வைத்து, அவர் தோற்பதை எழுதியும் வைக்கிறீர்கள். அவருக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

புது செல்கள் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. 1998-ல் உருவாகும் என்றார்கள், 2018-ல் ஒரு குழு இல்லை என்றது, அதே ஆண்டு இன்னொரு குழு உண்டு என்றது. அதை விடுங்கள். தினமும் ஆயிரக்கணக்கில் சாகும் கதையையும் விடுங்கள். நோயில்லாத முதுமையில் முன்பு நினைத்த அளவுக்கு நரம்பு செல்கள் அழிவதில்லை, தேய்வது பெரும்பாலும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகள்தான்.

ஆனால் 'எதிரெதிர்' என்றீர்களே, அங்கேதான் நான் பல மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மூளையின் பெரிய இழப்பு முதுமையில் நடப்பதில்லை. கருவிலேயே பல பகுதிகளில் உருவான நரம்பு செல்களில் ஏறக்குறைய பாதி இறந்துவிடுகின்றன. ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் மூளையின் முன்பகுதியில் இணைப்புகளின் அடர்த்தி பெரியவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று 1979-லேயே ஹூட்டன்லோக்கர் என்ற நரம்பியல் மருத்துவர் எண்ணிக் காட்டினார். மிச்சத்தை மூளையே வெட்டிக் கழிக்கிறது. தோட்டக்காரர் கவாத்து செய்வது போல. நாம் அதைத்தான் வளர்ச்சி என்கிறோம்.

எதைக் கொண்டு வெட்டுகிறது? ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸின் ஆய்வகத்தில் இருந்தபோது நரம்பியல் விஞ்ஞானி பெத் ஸ்டீவன்ஸ் 2007-ல் இதைக் கண்டுபிடித்தார். கிருமிகள் மேல் 'இதைத் தின்னு' என்று அடையாளம் ஒட்டும் சி1க்யூ என்ற நோயெதிர்ப்புப் புரதம், வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளை அகற்றவும் தேவைப்படுகிறது. அவற்றை மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோக்ளியா விழுங்குகின்றன என்று 2012-ல் அவருடைய சொந்த ஆய்வகம் காட்டியது. அடுத்த வருடம் பாரஸின் குழு கிழட்டுச் சுண்டெலிகளின் மூளையைப் பார்த்தால், அதே சி1க்யூ 300 மடங்கு வரை கூடியிருக்கிறது! 2016-ல் ஸ்டீவன்ஸ் குழு, அல்சைமர் என்ற மறதி நோயை ஆராய உருவாக்கிய சுண்டெலிகளில், அந்நோயின் அடையாளமான புரதப் படிவுகள் சேர்வதற்கு முன்பே இந்த வெட்டு தொடங்கிவிடுவதையும், சி1க்யூவைத் தடுத்தால் இணைப்புகள் தப்புவதையும் காட்டியது. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது, சரி. ஆனாலும் குழந்தையைச் செதுக்கிய அதே கத்தரி கடைசியில் மறுபடி வெளியே வருகிறது என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வளர்ச்சியையும் மூப்பையும் ஒருவரே ஏன் ஆராய்கிறார் என்று இனி கேட்க மாட்டீர்கள்.

என் அப்பா கடைசி இரண்டு வருடம், "அண்ணன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் உண்மை விளம்பியாக ஒவ்வொரு முறையும் "பெரியப்பா செத்து எட்டு வருஷம் ஆச்சுப்பா" என்பேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. முகம் அப்படியே இடிந்துபோகும். எத்தனை தடவை அதைச் செய்தேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அக்காதான் ஒருநாள், "பெரியப்பா வந்தா அவர்கிட்ட என்னப்பா சொல்லணும்?" என்று கேட்டாள். அப்பா அரைமணி நேரம் பேசினார். இருவரும் ஆற்றில் நீந்தப் பழகியது, அண்ணன் தன்னைத் தோளில் தூக்கிக் கரையேற்றியது, எல்லாம். நான் அதுவரை கேட்டே இராத கதை.

அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் என்று சரிசெய்யக் கூடிய காரணங்களும் உண்டு, முதலில் அவற்றைப் பார்க்கட்டும். நாளைக் காலை தேதி கேட்காதீர்கள். சின்ன வயதில் அவருடன் யாரெல்லாம் விளையாடினார்கள் என்று கேளுங்கள். பெயர் மாறினால் மாறட்டும், திருத்தாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.