மூளைக்கு பெட் ஸ்கேன்: மணிக்கட்டில் குழாய் போடுவார்களா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. மறதி அதிகமாகிவிட்டதால் மூளைக்கு பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகி, ஸ்கேன் முடியும்வரை ரத்தம் எடுப்பார்கள் என்று தம்பி எங்கேயோ படித்துவிட்டுச் சொல்ல, அப்பா வரவே மாட்டேன் என்கிறார். நிஜமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்தக் குழாய் உங்கள் அப்பாவுக்கு இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். எல்லா ஊசியும் போல கையில் நரம்பு பார்த்து எஃப்டிஜி என்ற மருந்தை ஏற்றுவார்கள், அது லேசான கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ் மாதிரி. சர்க்கரை பார்க்க விரலில் ஒரு குத்து. அவ்வளவுதான். மூளையில் எந்தப் பக்கம் குளுக்கோஸ் குறைவாகப் போகிறது என்று படத்தில் தெரிந்தாலே டாக்டருக்குப் பெரும்பாலும் போதும்.

தம்பி படித்ததும் பொய்யில்லை, ஆனால் அது ஆராய்ச்சிக்காரர்கள் சமாச்சாரம். 100 கிராம் மூளை நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் எடுக்கிறது என்று எண்ணாகவே வேண்டுமென்றால், ரத்தம் எவ்வளவு மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தது என்பதும் நொடிக்கு நொடி தெரிய வேண்டும், அதற்குத்தான் தமனி ரத்தம். வலி, கூடவே ஆள் பலம், லேப் வேலை என்று பெரிய பாடு என்பதால் அவர்களே இதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். கையைச் சூடாக வைத்திருந்தால் சிரை ரத்தமே (ஊசி போடும் நரம்பில் ஓடுவது) தமனி ரத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும், இது பழைய வழி. இன்னொன்று, கழுத்துத் தமனியை ஸ்கேன் படத்திலேயே பார்த்துக் கணக்குப் போடுவது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தத் தமனியின் அகலமே சுமார் 5 மில்லிமீட்டர், பல ஸ்கேனர்கள் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சின்ன அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் பக்கத்துச் சதையும் சேர்ந்து குழம்பிவிடும். 2018இல் மனிதர்களைப் படம் எடுக்க ஆரம்பித்த, முழு உடலையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஸ்கேனர்களில் இதயமும் பெருந்தமனியும் சேர்ந்தே தெரிவதால் இந்தத் தொல்லை குறைவு. அப்போதும், ரத்தத்திலேயே உடைந்துபோகும் மருந்தாக இருந்தால் உடைந்தது எது, உடையாதது எது என்று படம் சொல்லாது.

தமனி ரத்தத்தைத் தவிர்க்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது மூளையின் ஒரு பகுதியையே அளவுகோலாக வைப்பது. டோபமின் என்ற மூளை ரசாயனத்தின் ஏற்பிகளைப் பார்க்க ஏற்றும் ராக்லோபிரைடு என்ற ஸ்கேன் மருந்து சிறுமூளையில் ஒட்டுவதே இல்லை எனலாம், அதோடு மற்ற இடங்களை ஒப்பிட்டால் ரத்தமே வேண்டாம். 1996இலேயே வந்த முறை. ஆனால் குளுக்கோஸ் தின்னாத பகுதி மூளையில் கிடையாது, அதனால் எஃப்டிஜிக்கு இந்தக் கணக்கு ஓடாது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். எஃப்டிஜியின் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், அதனால் எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளை மனதில் வைத்து முன்கூட்டியே கிளம்புங்கள். ஊசி போட்டதும் மங்கலான அறையில் பேசாமல் படுக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எப்படி என்று ஸ்கேன் சென்டரில் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தால் படம் தெளிவாக வராது, இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.