அமெரிக்கக் கல்லூரியில் ஓரிரு ஆண்டு மட்டும் கூடைப்பந்து ஆடிவிட்டு, தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் அணிகள் புது வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் போவது சரியான முடிவா? அங்கே இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து படிக்க முடியுமா?

எத்தனையாவது ஆளாக எடுப்பார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் 20-க்குள் வரும் என்று அணிகளே சொன்னால் போய்விடலாம். 31-ஆம் இடமோ அதற்குப் பின்னோ என்றால் இன்றைய நிலவரத்தில் கல்லூரியிலேயே இருப்பதுதான் காசு. குழப்பமெல்லாம் இடையில் மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான்.

அமெரிக்க மாணவர் என்றால் டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிரம்ப வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்டிலிருந்து இதுதான் விதி. ஆண்டுக்குள் நிரம்பினால் போதும் என்பதால்தான், டிசம்பரில் பிறந்த கூப்பர் ஃபிளாக் 2025 ஜூனில் 18 வயதிலேயே முதல் ஆளாகத் தேர்வானார்.

30-க்கும் 31-க்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்படும் 30 பேருக்குச் சம்பளப் பட்டியல் உண்டு. நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். பட்டியல் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை தரலாம், பெரும்பாலும் 120-தான் தருகிறார்கள். அப்படிப் பார்த்தால் 2025-26-இல் முதல் ஆளுக்கு ஏறக்குறைய 1.38 கோடி டாலர், 30-ஆம் ஆளுக்கு 27 லட்சம் டாலர் அளவு. 31-ஆம் ஆளுக்குப் பட்டியலே கிடையாது. பேசி வாங்கியதுதான். இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் வருபவர்களில் பலர் நல்ல ஒப்பந்தம் வாங்கிவிடுகிறார்கள். பின்னால் வருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'டூ-வே' ஒப்பந்தம். என்பிஏ அணியோடு அதிகபட்சம் 50 ஆட்டம், மீதி நேரம் என்பிஏ-வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில். 2025-26-இல் அதற்குச் சம்பளம் சுமார் 6.36 லட்சம் டாலர். அதுவும் இல்லாமல் வெறும் ஜி லீக் ஒப்பந்தம் என்றால் சீசனுக்கு 40 ஆயிரம் டாலரைச் சற்றே தாண்டும். நம்மவர்களுக்குத் தெரிந்த சத்னம் சிங் கல்லூரிக்கே போகாமல் 2015-இல் டிராஃப்டுக்குப் போனவர். டல்லாஸ் அணி 52-ஆவதாக எடுத்தது. என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. 'டிராஃப்ட் ஆகிவிட்டான்' என்பதும் 'என்பிஏ-வில் ஆடுகிறான்' என்பதும் வேறு வேறு.

திரும்பி வர முடியுமா என்றால், முடியும். ஆனால் தேதி தவறக் கூடாது. பெயர் கொடுத்துப் பார்த்துவிட்டு வாபஸ் வாங்கலாம். 2025 கணக்கைச் சொல்கிறேன்: பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ சொன்ன வாபஸ் நாள் மே 28. என்பிஏ சொன்ன வாபஸ் நாள் ஜூன் 15. வழுக்கி விழும் இடம் இதுதான். ஜூன் 10-ஆம் தேதி வாபஸ் வாங்கினால் என்பிஏ ஏற்றுக்கொள்ளும், ஆனால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி மே 28-ஆம் தேதியே போய்விட்டது. வழக்குப் போட்டுத் திரும்பப் பார்த்தவர்களும் உண்டு. அதை நம்பித் திட்டம் போடுவது மடத்தனம்.

என்சிஏஏ-வின் வாபஸ் நாளுக்குள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். என்பிஏ-வின் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, எடுக்கவே மாட்டார்களா என்று ரகசியமாகச் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு என்சிஏஏ சான்று பெற்ற ஏஜென்டை வைத்துக்கொள்ளலாம், 2018-இலிருந்து அனுமதி உண்டு. கல்லூரிக்குத் திரும்பினால் ஏஜென்ட் ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும். சான்று இல்லாதவரிடம் போனால் தகுதிக்கே ஆபத்து. ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. பையன் என்பிஏ அணியோடு கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குக் கமிஷன், உச்சவரம்பு 4 சதவீதம். மே மாதம் சிகாகோவில் நடக்கும் சோதனை முகாமுக்கு அழைப்பு வரவே இல்லையா? அதுவே பாதிப் பதில்.

பலர் கோட்டை விடுவது வசந்த கால செமஸ்டரில். ஏப்ரலிலேயே பயிற்சிக்கென்று லாஸ் ஏஞ்சலஸ் பறந்துவிடுவான், வகுப்பு எல்லாம் ஃபெயில். ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும் என்பது விதி. மே மாதம் மனம் மாறித் திரும்புபவன் கோடை வகுப்பில் உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கும். தேர்வை எழுதி முடித்துவிட்டுக் கிளம்பினால் இந்தத் தலைவலி இல்லை.

'இருந்து ஆடு' என்ற அறிவுரைக்கு இப்போது பணபலம் வந்திருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகத் தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பெரிய அணிகளில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. டூ-வே சம்பளம் அதற்குமுன் சிறுத்துப் போகிறது. 2021-இல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025-இல் 106. முந்தைய எண்ணில் கொரோனா கால விதிவிலக்கின் பங்கும் உண்டு என்றாலும், சரிவு சரிவுதான்.

மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். அமெரிக்காவில் வேலை செய்து சம்பாதிக்க அந்த விசாவில் கட்டுப்பாடு இருக்கிறது. கனடாக்காரர் சாக் ஈடி பர்டூ பல்கலைக்கழகத்தில் இந்தச் சிக்கலோடுதான் ஆடினார். 2023-இல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து வாபஸ் வாங்கினார், 2024-இல் மெம்ஃபிஸ் அணி அவரை 9-ஆவதாக எடுத்தது. காத்திருந்தது பலித்த அரிய உதாரணம்.

அரிய உதாரணம் என்றதற்குக் காரணம் வயது. ஒரே ஆட்டத்திறன் இருந்தாலும் 19 வயதுக்காரனை அணிகள் மேலே எடுக்கும், 22 வயதுக்காரனைத் தள்ளிவைக்கும். பெரும் பணம் வருவது இரண்டாவது ஒப்பந்தத்தில். 19-இல் போனவன் 23-இல் அதைத் தொடுகிறான், 22-இல் போனவன் 26-இல். முதல் 10-க்குள் வரக்கூடியவன் 'இன்னும் ஒரு வருஷம்' என்று நிற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூட்டு பிசகினால் அந்த இடம் மறுபடி கிடைக்காது.

பட்டத்தைப் பற்றி ஒரு விதி பலருக்குத் தெரியாது. முழு ஸ்காலர்ஷிப்பில் இருந்த கூடைப்பந்து வீரர் பாதியில் போய், பத்து ஆண்டுக்குள் அதே கல்லூரிக்குத் திரும்பினால், வேறு உதவி எதுவும் கிடைக்காத நிலையில் கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் கல்லூரி ஏற்க வேண்டும். என்சிஏஏ-வின் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு இது பொருந்தும். ஆனால் போவதற்கு முன் இரண்டு ஆண்டாவது அங்கே படித்திருக்க வேண்டும். ஒரே ஆண்டில் கிளம்பியவனுக்கு இந்தச் சலுகை இல்லை. அவன் கல்லூரியோடு தனியாகப் பேசி எழுதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.