நானூறு பில்லியன் யார் போட்ட கணக்கு?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி மன்னர் மான்சா மூசாவின் சொத்து 400 பில்லியன் டாலராம். 1324-ல் ஹஜ் போகும் வழியில் அவர் வாரி இறைத்த தங்கத்தால் எகிப்தின் பொருளாதாரமே படுத்துவிட்டதாம். உண்மையா?

பதில்: அந்த 400 பில்லியனை முதலில் மறந்துவிடுங்கள். அவருடைய கருவூலக் கணக்கு எதுவும் இன்று நம்மிடம் இல்லை. தங்கம் விளைந்த ஊர்களைக்கூட மாலி மன்னர்கள் நேரடியாக ஆளவில்லை. பிடித்து ஆண்டால் விளைச்சல் குறைகிறது என்று அனுபவத்தில் கண்டு, கப்பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இதில் எதை டாலராக மாற்றுவது?

எகிப்து விஷயத்துக்கு ஆதாரம் உண்டு. சில ஆண்டுகள் கழித்துக் கெய்ரோவில் நேரில் கேட்டு எழுதியவர் அல்-உமரி என்ற அரபு எழுத்தாளர். மூசா வருவதற்கு முன் ஒரு மித்கால் தங்கம், அதாவது நாலே கால் கிராம், 25 திர்ஹம் வெள்ளிக் காசுக்குக் கீழே இறங்கியதில்லை. பிறகு 22-க்கு வந்து, சுமார் 12 ஆண்டுகள் ஏறவே இல்லை என்கிறார். எட்டில் ஒரு பங்கு சரிவு. பெரிய சரிவுதான், ஆனால் நாடு ஒன்றும் படுத்துவிடவில்லை. அதே அல்-உமரி சொல்லும் இன்னொன்றை யாரும் பகிர்வதில்லை: கெய்ரோ வியாபாரிகள் ஒரு தினார் (தங்கக் காசு) பெறும் துணியை மாலிக்காரர்களிடம் ஐந்து தினாருக்கு விற்றார்கள். கடைசியில் கைப்பணம் தீர்ந்து, அந்த வியாபாரிகளிடமே கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கித்தான் மூசா ஊர் திரும்பினார்.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. எகிப்து சுல்தான் அல்-நாசிர் முகம்மதுவைப் பார்க்கப் போனால் தரையை முத்தமிட வேண்டும். "நான் ஹஜ்ஜுக்கு வந்தவன்" என்று மூசா தட்டிக்கழித்துப் பார்த்தார். வற்புறுத்திக் கூட்டிப்போனபோது, "என்னைப் படைத்த இறைவனுக்கே தலை வணங்குகிறேன்" என்று சொல்லித்தான் குனிந்தார். தங்கத்தை விட்டுவிட்டு இந்த மனிதரைப் பாருங்கள்.

அப்புறம், அவரோடு சகாரா பாலைவனத்தைக் கடந்தவர்களையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் அடிமைகள். பணக்காரர் பட்டியலில் அவர்களுக்கு இடமே இல்லை. சகாராவில் தங்கத்துக்குப் பண்டமாற்றாகப் போனது உப்பு. அது வந்த தகாசா என்ற சுரங்க ஊரை 1352-ல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா பார்த்திருக்கிறார்: மரம் இல்லாத ஊர், உப்புப் பாளத்தில் சுவர், ஒட்டகத் தோலில் கூரை. அங்கே குடியிருந்தவர்கள் உப்பு வெட்டும் அடிமைகள் மட்டும்தான். வெளியூரிலிருந்து வரும் பேரீச்சம்பழமும் கம்பும்தான் அவர்களுக்குச் சாப்பாடு, ஒட்டக இறைச்சியோடு.