வாசகர் கேள்வி பதில்: மூணு ஷாட்டை வச்சு லோடு முடிவு பண்ணலாமா?

கேள்வி: சார், 6.5 கிரீட்மோர்ங்கிற தோட்டா வகைக்கு ஒரு கஸ்டம் டார்கெட் ரைஃபிள் செஞ்சு வாங்கிருக்கேன், 8 இஞ்ச் ட்விஸ்ட் பேரல் (8 இஞ்சுக்கு புல்லட் ஒரு சுத்து சுத்தும்), 140 கிரெயின் (எடை அளவு) புல்லட். பவுடரை 0.3 கிரெயின் 0.3 கிரெயினா ஏத்திக்கிட்டே போய் ஒவ்வொரு அளவுலயும் மூணு ஷாட் சுட்டேன். ஒரு லோடு (ஒரு பவுடர் அளவுல செஞ்ச தோட்டா) 100 யார்டுல மூணு ஓட்டையும் அரை இஞ்சுக்குள்ள விழுந்துச்சு, அதுதான்னு முடிவு பண்ணி நிறைய லோடு பண்ணிட்டேன், அடுத்த தடவை பார்த்தா அதே லோடு ஒரு இஞ்ச் போகுது. ரைஃபிள்ல கோளாறா, என் ரீலோடிங்ல (நானே தோட்டா செய்யறதுல) கோளாறா?

பதில்: ரெண்டுலயும் இருக்கணும்னு இல்லங்க, நீங்க மூணே ஷாட்டை வச்சு முடிவு பண்ணிட்டீங்க, அவ்வளவுதான். எதையுமே மாத்தாம ஒரே லோடை மூணு மூணா சுட்டுக்கிட்டே இருங்க, சராசரி முக்கால் இஞ்ச் வர்ற லோடு ஒரு தடவை அரை இஞ்ச் காட்டும், இன்னொரு தடவை ஒரு இஞ்ச் காட்டும், ரெண்டுமே அதே லோடுதான். இதுல நீங்க ஏழெட்டு அளவு சுட்டு அதுல சின்னதா வந்ததைப் பொறுக்கி எடுத்தா, நல்ல லோடை எடுத்தீங்களா இல்ல அதிர்ஷ்டம் அடிச்ச குரூப்பை (சேர்ந்து விழுந்த ஓட்டைக் கூட்டம்) எடுத்தீங்களான்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஷாட் கூடக்கூட குரூப்பும் பெருசாகும், இதையும் கணக்குல வச்சுக்கோங்க. மூணு ஷாட்டுல சராசரியா அரை இஞ்ச் வர்ற ரைஃபிள், அஞ்சு ஷாட்டுல 0.64 இஞ்ச் கிட்ட வரும், பத்து ஷாட்டுல 0.8 இஞ்ச் கிட்ட வரும். அதனால ஒருத்தரோட மூணு ஷாட் குரூப்பையும் இன்னொருத்தரோட பத்து ஷாட் குரூப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேசுறதுல அர்த்தமே இல்ல.

நான் சொல்ற வழி இதுதான். ரீலோடிங் புத்தகத்துல உங்க புல்லட்டுக்கும் பவுடருக்கும் போட்டிருக்க ஆரம்ப அளவுல தொடங்கி மெதுவா ஏத்துங்க, அந்த ஏத்தம் பிரஷர் பாக்கத்தான், குரூப் பாக்க இல்ல. போல்ட் தூக்க கனமா இருக்கு, கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) அடியில எஜெக்டர் (கூட்டை வெளிய தள்ளுற பின்) தடம் பளபளன்னு விழுது, பிரைமர் (பவுடரைப் பத்த வைக்கிற மூடி) தட்டையாகுதுன்னா அங்கேயே நிறுத்திட்டு இறங்கிடுங்க, ஆனா இந்த அடையாளம் ஒண்ணுமே தெரியலன்னு தைரியமா புத்தகத்தோட உச்ச அளவைத் தாண்டிறாதீங்க. அப்புறம் ரெண்டு மூணு லோடை மட்டும் எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணையும் பத்து பத்து ஷாட் சுடுங்க. அளக்கும்போது தூரமா இருக்க ரெண்டு ஓட்டையை மட்டும் அளக்காம, குரூப்போட நடுப்புள்ளியில இருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து சராசரி எடுங்க, அப்பதான் பத்து ஷாட்டும் பேசும்.

புல்லட் வேகத்தை அளக்குற குரோனோகிராஃப் இருந்தா கட்டாயம் வைங்க. வினாடிக்கு 2700 அடி வேகத்துல போற 140 கிரெயின் புல்லட் 10 அடி வேகம் குறைஞ்சா 100 யார்டுல கண்ணுக்கே தெரியாது, 1000 யார்டுல ரெண்டரை இஞ்ச் கிட்ட கீழ இறங்கிடும். 100 யார்டுல அருமையா இருந்த லோடு தூரத்துல போய் மேலயும் கீழயும் நீளமா சிதறுதுன்னா முதல்ல வேகத்தைத்தான் பாக்கணும், அதாவது வேகத்தை மாத்துற தராசு, நெக் டென்ஷன் (கேஸ் கழுத்து புல்லட்டைப் பிடிக்கிற இறுக்கம்), பிரைமர் இதெல்லாம். ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துங்க ப்ளீஸ், பவுடரும் சீட்டிங் ஆழமும் (புல்லட் கேஸுக்குள்ள எவ்வளவு இறங்கியிருக்குங்கிறது) சேர்த்து மாத்துனா எதுனால என்ன ஆச்சுன்னு கடைசி வரை தெரியாது.

கேள்வி: ஒரே டைல (அழுத்துற அச்சு) புல்லட்டை சீட் பண்றேன், ஆனா தோட்டாவோட நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறுது. டை சரியில்லையா?

பதில்: காலிப்பரை புல்லட் நுனியில வச்சு அளக்குறீங்கன்னு நினைக்கிறேன். ஹாலோ பாயிண்ட் மேட்ச் புல்லட்டுல நுனி எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, கிட்டப் பாத்தா ஒண்ணு பிசிறா இருக்கும், ஒண்ணு சாஞ்சிருக்கும். டைக்குள்ள புல்லட்டை அழுத்துற சீட்டிங் ஸ்டெம் நுனியைத் தொடாது, கீழ வளைவுலதான் பிடிக்கும். காலிப்பர்ல கம்பாரேட்டர் (புல்லட்டோட வளைவுல உக்காருற அளவுத் துண்டு) மாட்டி கேஸ் அடியில இருந்து ஓஜைவ் (அந்த வளைவு) வரை அளங்க, முக்கால்வாசி வித்தியாசம் காணாமப் போயிடும். பேரல்ல லேண்ட்ஸ் (புல்லட்டைச் சுத்த வைக்கிற மேடுகள்) எங்க ஆரம்பிக்குதுன்னும் அதே கம்பாரேட்டர்ல அளந்து எழுதி வைங்க, சுடச்சுட த்ரோட் (லேண்ட்ஸ் தொடங்குற இடம்) தேய்ஞ்சு அது முன்னாடி நகரும், அப்பப்ப திரும்ப அளக்கணும். புல்லட் லேண்ட்ஸைத் தொடுற மாதிரி சீட் பண்ணா பிரஷர் ஏறும், அப்போ பவுடரைக் குறைச்சு திரும்ப கீழ இருந்துதான் வரணும்.

கேள்வி: சுட்ட கேஸை திரும்ப லோடு பண்ண, நெக் (கழுத்து) மட்டும் சைஸ் பண்ணா (டையில அழுத்தி அளவுக்குக் கொண்டு வந்தா) போதுமா?

பதில்: கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் போல்ட் மூட இறுகும். ஃபுல் லெங்த் (கேஸ் முழுசும்) சைஸ் பண்ணுங்க, ஷோல்டரை (கழுத்துக்குக் கீழ இருக்க சரிவு) 0.001லருந்து 0.002 இஞ்ச் வரை பின்னாடி தள்ளுனா போதும், உங்க சேம்பர்ல (பேரல்ல தோட்டா உக்காருற இடம்) சுட்ட கேஸை அளந்துட்டு டையை செட் பண்ணுங்க.