கறுப்பு பேட்ஜும் சான்றிதழும்: எதை முதலில் சோதிப்பது?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட ஜெர்மன் வீரர்களுக்குக் கொடுத்த கறுப்பு பேட்ஜ் ஒன்று, 1942 தேதியிட்ட சான்றிதழோடு ஒரே செட்டாக விலைக்கு வந்திருக்கிறது. இரண்டும் அசல்தானா, ஒரே ஆளுடையதுதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் காகிதத்தைக் கையில் எடுங்கள். கறுப்பு பேட்ஜ் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதில் பெயரும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை. வீரரின் குடும்பத்திடமிருந்து நேரடியாக வந்தால் ஒழிய, இந்த பேட்ஜ் இவருடையதுதான் என்று நிரூபிக்க வழியில்லை. ‘செட்’ என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

பெசிட்ஸ்சொய்க்னிஸ் எனப்படும் சான்றிதழ் பெரும்பாலும் ஏ5 அளவில் அச்சடித்த படிவம். பெயர், பதவி, படைப்பிரிவு, காயம்பட்ட நாள் ஆகியவற்றைத் தட்டச்சிலோ பேனாவிலோ நிரப்பியிருப்பார்கள். எத்தனை முறை காயம் என்ற எண்ணையும் பேட்ஜின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1, 2 முறை என்றால் கறுப்பு. 3, 4 என்றால் வெள்ளி. 5-ம் அதற்கு மேலும் என்றால் தங்கம். ஆனால் ஒரே காயத்தில் கையோ காலோ கண்ணோ போனவருக்கு நேரடியாகவே வெள்ளி. இரு கண்ணும் போனவருக்குத் தங்கம். ஆகவே ‘1’ என்ற எண்ணோடு வெள்ளி வந்ததை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்க முடியாது. ஆனால் விலை ஏற்றுவதற்காகக் கறுப்பை அழித்து வெள்ளி என்று எழுதுவதும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சுரண்டிய இடம் மெலிந்து தெரியும்.

கையெழுத்து படைப்பிரிவுத் தளபதியுடையதாகவோ ராணுவ மருத்துவமனைத் தலைமை மருத்துவருடையதாகவோ இருக்கலாம். மருத்துவமனை கொடுத்தது என்றால், போர்முனையிலிருந்து வெகுதூரத்து ஊரும் காயத்துக்குச் சில வாரம் கழித்த தேதியும் இயல்பு. காயம்பட்ட அன்றைக்கே தொலைதூர ஊரில் கையெழுத்தானால் சந்தேகப்படுங்கள். பால்பாயின்ட் பேனா என்றால் பேச்சே வேண்டாம். புற ஊதா விளக்கில் காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது போருக்குப் பிந்தைய தாள். 10 மடங்கு லென்ஸில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இன்க்ஜெட் நகல்.

கழுகு முத்திரையில் படைப்பிரிவின் பெயருக்குப் பதில் களத் தபால் எண் (பிரிவின் பெயருக்குப் பதிலாகக் கடித முகவரியில் எழுதும் எண்) மட்டும் இருப்பது சகஜம். அந்த எண்கள் போரின் நடுவே வேறு பிரிவுகளுக்குக் கைமாறின. எனவே சான்றிதழின் தேதியில் அது யாருடையது என்று பாருங்கள்.

இனி பேட்ஜ். கறுப்பு பேட்ஜ் தகட்டில் அழுத்தி எடுத்தது. முன்பக்க ஹெல்மெட்டும் வாள்களும் பின்பக்கத்தில் குழிவாகத் தெரிய வேண்டும். பின்பக்கத்தில் குமிழிக் குழிகள் இருந்தால் அது அச்சில் வார்த்த போலி. காந்தத்தைக் காட்டிப் பாருங்கள்: ஆரம்ப கால பித்தளை ஒட்டாது, பிற்கால இரும்புத் தகடு ஒட்டும். இரண்டும் அசலாக இருக்கலாம். பேட்ஜில் எண் பொறித்திருந்தால் அது தயாரிப்பாளரைக் காட்டும்: 4 என்றால் ஸ்டைன்ஹவர் & லூக், 30 என்றால் வியன்னா நாணயச்சாலை. எல்/11 போல ‘எல்’ முன்னால் வந்தால் கடையில் விற்ற பிரதி. வீரரே வாங்கியிருக்கலாம், ஆனால் சான்றிதழோடு கொடுத்த பேட்ஜாக இருக்க வாய்ப்புக் குறைவு.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். போரில் இறந்த, காயம்பட்ட ஜெர்மன் வீரர்களின் தகவல்களை வைத்திருந்த பழைய பெர்லின் வாஸ்ட் அலுவலகத்தின் வீரர் பதிவுகள் 2019 முதல் அங்கே இருக்கின்றன. முதல் உலகப் போர் ஆள் என்றால் சிக்கல்: பிரஷ்ய ராணுவக் கோப்புகள் 1945-ல் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயின. பவேரியர் என்றால் மியூனிக்கில் கிடைக்கும்.

வாங்கிய பிறகு பாலிஷ் போடாதீர்கள்; மிச்சமிருக்கும் கறுப்புப் பூச்சும் போய்விடும். சான்றிதழை லேமினேட் செய்யக் கூடாது, பிவிசி உறையும் ஆகாது; அமிலமில்லாத பாலியெஸ்டர் உறை போதும். பேட்ஜைத் தனியே வையுங்கள். இரும்புத் துரு காகிதத்தில் இறங்கினால் கறை போகாது.