ஆணுறை கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாளோ?

கேள்வி: எனக்கு வயது 22. எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம் என்று கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். ஆனாலும், பழகும் பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்டேன். பேச்சை எடுத்தால் அவளைச் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாளோ என்று தயக்கம். கடைசியாக உறவு கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. டெஸ்ட் எடுக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: டெஸ்ட்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாட்களுக்குள் அதைக் காட்டிவிடும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் என்றால் 90 நாள் முடிந்ததும் மறுபடி ஒருமுறை பாருங்கள். கூடவே, உறவின் மூலம் பரவிப் புண் உண்டாக்கும் சிபிலிஸ் நோய்க்கும் பார்த்துவிடுங்கள். அந்தப் புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவது எளிதாகிவிடும். ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்தாலும் இடிந்துபோக வேண்டாம். உடனே கூட்டு மருந்து தொடங்கித் தவறாமல் சாப்பிடுபவர்கள் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறார்கள். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உறவின் மூலம் துணைக்கும் பரவாது.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். உங்களைப் போல எல்லாம் தெரிந்தவர்கள்தான் என்னிடம் நிறைய வருகிறார்கள். பாடம் தெரிவது வேறு, அந்த நேரத்தில் வாய் திறப்பது வேறு. 'பார்த்தால் ஆரோக்கியமாகத்தானே இருக்கிறாள்', 'நண்பர்கள் யாரும் போடுவதில்லையே' என்ற எண்ணம், குடி, கடையில் கேட்டு வாங்கக் கூச்சம், கிளினிக்கில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், இத்தனையும் சேர்ந்து படித்ததை மறக்கடித்துவிடுகின்றன. வயதிலோ பணத்திலோ பெரியவரான துணையிடம் ஓர் இளம்பெண் ஆணுறை கேட்பது இன்னும் கடினம். அவளுக்கு அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை, பொறுப்பை அந்த ஆண் ஏற்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான தடை, காதல்மீதுள்ள நம்பிக்கைதான். முன்பின் தெரியாதவரிடம் கவனமாக இருப்பவர்கள்கூட, மனசு ஒட்டிய சில வாரங்களில் ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், டெஸ்ட் எடுக்காதவரை தன் நிலை அவருக்கே தெரியாது.

படுக்கையறையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு நடை போகும்போது பேசுங்கள். "நான் டெஸ்ட் எடுக்கப் போறேன். நீயும் வர்றியா, ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் ஆணுறை போட்டுக்கிறேன்." 'நீ' என்பதற்கு முன் 'நான்' வந்துவிட்டால் குற்றம் சாட்டுவதாகத் தோன்றாது. அவள் கோபித்துக்கொண்டாலும் உங்கள் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆணுறையைத் தனியாக இருக்கும்போது ஒருமுறை போட்டுப் பழகுங்கள். காலாவதித் தேதி பாருங்கள், நுனியை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். எண்ணெய், வாசலின் பட்டால் லேடெக்ஸ் கிழியும், நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் பயன்படுத்துங்கள்.

எப்போதாவது கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் 'பெப்' மாத்திரை கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். அடிக்கடி ஆபத்துக்கு ஆளாகிறவர்கள் முன்கூட்டியே எடுக்கும் 'பிரெப்' பற்றியும் கேட்கலாம். எச்.ஐ.வி. இல்லை என்று டெஸ்ட்டில் உறுதியான பிறகே அதைத் தொடங்குவார்கள்.